கக்கத்துச் சூடு

வாளித் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்தாள் மகள். சுட்டது.

"பச்சைத் தண்ணி இன்னும் ஒரு சொம்பு ஊத்துங்கக்கா. இதுல விட்டா கோழி சூப்பாயிடும்."

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே கட்டிலில் அம்மா கிடந்தாள். காலை ஏழு மணிக்கு உயிர் போயிருந்தது. நாலு மணிக்கு வண்டி வரும். இப்போது மணி மூன்று.

"ஏண்டி, பெத்தவ அங்க கிடக்கா. நீ இங்க கோழியைக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கே. வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"பதினாறு வருஷமா பிரசவ வார்டுல இருக்கறவ வேற என்ன செய்வான்னு நினைப்பாங்க. ரெக்கையைச் சேர்த்துப் பிடிங்கக்கா."

கறுப்பி காலையிலிருந்தே கொல்லை மூலையில் உடம்பை உப்பிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, நின்ற இடத்திலேயே முக்கிக்கொண்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புகளுக்கு நடுவே யாரும் அதைக் கவனிக்கவில்லை. கை கழுவ வந்த மகள்தான் பார்த்தாள். அடிவயிற்றைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. முட்டை வழியில் சிக்கிக்கொண்டிருக்கிறது. அப்படியே விட்டால் கோழியும் சாயங்காலத்தைத் தாண்டாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு நனைய இறக்கினாள். கறுப்பி ஒருமுறை உதறியது. பிறகு வாரிய தலைமுடிபோல அடங்கி உட்கார்ந்தது.

அண்ணன் கொல்லைக் கதவில் தலையை நீட்டினான்.

"வண்டிக்காரன் மூணரைக்கே வந்துடுவானாம்."

"சரிண்ணா."

"என்ன சரி? ஒரு கோழிக்காக..."

"அம்மா கோழிக்காக."

அவன் திரும்பிப் போனான். போகிற போக்கில் கோழி எச்சத்தை மிதித்து, வாய்க்குள் ஏதோ முனகினான்.

மூன்று வருடம் முன்பு அம்மா நாலு குஞ்சுகளை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தபோது ஆரம்பித்த முனகல் அது. நாற்றம் என்று எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். நட்ட கீரையெல்லாம் கிளறிப் போயிற்று. ஒரு மழைநாளில் பூனை வந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. அன்று அம்மா சாப்பிடவில்லை. மிச்சம் மூன்று. கறுப்பி. மற்ற இரண்டையும் கொத்திக் கொத்தி வரிசையில் நிறுத்துகிற டீச்சர். பூனையிடம் தப்பிக் கால் போன நொண்டி.

மூன்றின் முட்டையும் அம்மாவுக்குப் பரீட்சைத் தாள் மாதிரி. முட்டையை எடுத்ததும் பென்சிலால் தேதியும் இட்டவள் பெயரும் எழுதுவாள். கறுப்பியின் முட்டைக்குக் கூர்முனையில் மணல் ஒட்டினாற்போல ஒரு சொரசொரப்பு. கண்ணை மூடிக்கொண்டு தடவியே யாருடையது என்று சொல்லிவிடுவாள்.

"எண்ணெய் கேட்டியாமே."

அப்பா வந்து நின்றார். நாற்பது வருடம் பேருந்து ஓட்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர். வீட்டிலும் அப்படித்தான். 'டிரைவர், சாப்பிட வாங்க' என்றுதான் அம்மா கூப்பிடுவாள். கோழி என்றால் அவருக்கு ஆகாது. முட்டை வாசனை பட்டாலே முகம் சுளிப்பார். முட்டைப் பாத்திரம் இருக்கிற அலமாரிப் பக்கம்கூடப் போகமாட்டார்.

அந்த மனிதர் இப்போது எண்ணெய்க் கிண்ணத்தோடு ஈரத் தரையில் குந்தினார்.

"பிழைச்சுக்குமா?"

"பார்க்கலாம்பா. முட்டை வெளிய வரணும்."

"முட்டையா?" அவர் குரல் மாறியது. "இதுக்குள்ள முட்டை இருக்கா?"

"பின்ன? நேத்து போட்டுச்சு, முந்தாநாள் போட்டுச்சுன்னு அம்மா போன்ல சொன்னாளே."

டிரைவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தையல்கார அக்காவைப் பார்த்தார். அவள் புரிந்துகொண்டு, "நான் போய் அங்க இருக்கேன்" என்று எழுந்து உள்ளே போனாள்.

"போடலைம்மா."

"என்னது?"

"மத்த ரெண்டும் எப்பவோ நிறுத்திடுச்சு. இதுவும் மூணு வாரமா ஒண்ணுகூடப் போடலை. இறகெல்லாம் கொட்டிச்சு. அத்தோட முட்டையும் நின்னுபோச்சு."

மகள் கோழியின் கழுத்தைப் பார்த்தாள். புது இறகுகள் குச்சி குச்சியாக முளைத்திருந்தன.

"அப்ப அம்மா எடுத்தது?"

"நான் வச்சது."

கொல்லையில் டீச்சர் மட்டும் எதையோ கிளறும் சத்தம்.

"டாக்டர் நடக்கவே கூடாதுன்னுட்டாரு. ஆனா முட்டை எடுக்கணும்னு மட்டும் தினம் எழுந்திருச்சு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, கூண்டு வரைக்கும் வருவா. அந்தப் பத்தடிதான் அவளுக்கு ஊர்வலம். முட்டை நின்ன மறுநாள் வந்தா. வெறுங்கையோட போனா. அதுக்கடுத்த ரெண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டா."

"அதனால..."

"காலையில பால் வாங்கப் போறப்ப ஒண்ணு வாங்கிட்டு வந்துடுவேன். பழுப்பு முட்டைக்கு மூணு தெரு தள்ளிப் போகணும். போட்ட முட்டை சூடா இருக்கணும்ல? வர்ற வழியெல்லாம் கக்கத்துல வச்சுக்குவேன்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அடக்கியதில் கண்ணில் நீர் வந்தது.

"ஒருநாள் வழியில ஒரு பழைய கண்டக்டர் கை குடுத்தான். கையைத் தூக்க முடியலை. பக்கவாதமான்னு கேட்டான்."

இந்த முறை அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். டிரைவர் சிரிக்கவில்லை.

"இன்னிக்குக் காலையிலயும் எடுத்தா. 'டிரைவர், கறுப்பி இன்னிக்கும் ஏமாத்தலை பாருங்க'ன்னு என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக் காட்டினா. உள்ள போய் வச்சுட்டு வந்து படுத்தா. அவ்வளவுதான்." எண்ணெய் பட்ட விரல்களையே பார்த்தார். "கடைசியா அவ கையில பிடிச்சது என் பொய்யைத்தாம்மா. முப்பத்தெட்டு வருஷத்துல அவகிட்ட ஒரு பொய் சொன்னதில்லை. சாகப்போறவகிட்டயா ஆரம்பிக்கணும்?"

மகள் துண்டை எடுத்து மடியில் விரித்தாள்.

கோழியைத் துண்டில் தூக்கி வைத்து, பின்புறம் எண்ணெய் தடவி, அடிவயிற்றை மெல்ல மெல்ல நீவினாள். "முக்குடி. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், என் தங்கம்." பழக்கதோஷம். கறுப்பி கண்ணை மூடிக்கொண்டது. உடம்பு ஒருமுறை இறுகியது.

துண்டில் முட்டை விழுந்தது.

கறுப்பி எழுந்து நின்றது. யாருக்கோ நடந்தது போலச் சுற்றும் முற்றும் பார்த்தது. உடம்பை உலுக்கி இருவர் முகத்திலும் தண்ணீர் தெளித்துவிட்டு, டீச்சரிடம் கொத்து வாங்கப் போனது.

டிரைவர் முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒருநாள் முன்னாடி போட்டிருக்கலாம்" என்றார். மகளிடம் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

மகள் சமையலறைக்கு வந்தாள். அலமாரியின் மேல்தட்டில் அம்மாவின் முட்டைப் பாத்திரம். பக்கத்தில் நூல் கட்டிய பென்சில். ஈரத்தைத் துடைத்து, இன்றைய தேதி போட்டு, 'கறுப்பி' என்று எழுதினாள். கூர்முனையில் விரல் பட்டது. சொரசொரப்பு.

பாத்திரத்தில் வைக்கப்போனவள் நின்றாள். அதில் பதினெட்டு முட்டைகள் இருந்தன. ஒன்றைக்கூட அம்மா சமைக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. எல்லாமே எழுத்து கீழே போகும்படி கவிழ்ந்திருந்தன. ஒன்றைத் தடவினாள். வழவழப்பு. அடுத்ததும் வழவழப்பு.

முதல் முட்டையைத் திருப்பினாள். இரண்டாவதை. மூன்றாவதை.

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. "வந்துட்டான்!" என்று அண்ணன் கத்தினான்.

"அஞ்சு நிமிஷம் நிக்கச் சொல்லுண்ணா" என்றவள் கொல்லைப் பக்கம் திரும்பினாள். "அப்பா, கண்ணாடியை எடுத்துக்கிட்டு இங்க வாங்க."

"எதுக்கும்மா?"

"வாங்களேன்."

முகம் கழுவிய ஈரத்தோடு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் நீட்டிய முட்டையை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், எதிரே வருகிற பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோலக் கண்ணைச் சுருக்கினார்.

இன்றைய தேதி. அதற்குக் கீழே, இட்டவர் பெயர் எழுதுகிற இடத்தில், அம்மாவின் சாய்ந்த கையெழுத்து:

'டிரைவர்.'