பதினெட்டு அடி

1954ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து பாலுசாமியால் தன் வீட்டுக்குள் நுழைய முடியாமல் போனது. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் அவரே கூட நின்று கட்டிய வீடு. கதவு திறந்துதான் இருந்தது. காலில் கோளாறில்லை. மனைவியோடு காலையில் நடந்த சண்டையின் கோபமும் மதியத்துக்குள் ஆறிவிட்டிருந்தது. அவர் கேட்டை நோக்கி நடந்தார். கேட் பதினெட்டு அடி தள்ளி நின்றது. இன்னும் நடந்தார், அப்போதும் பதினெட்டு அடி. கேட் நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. அவர் கால் ஓய்ந்ததையும் யாரும் பார்க்கவில்லை. மில் சங்கு ஊதிய நேரத்தில் நடக்கத் தொடங்கியவர், தெருவிளக்கு எரியும்போது சட்டை முழுக்க நனைந்து அதே இடத்தில் நின்றார்.

பாலுசாமி தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் விரிவுரையாளர். காரமடைப் பக்கத்தில் சோளம் விதைக்கிற காட்டுக்காரக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர். புது வீட்டுக்கு ராகு காலம் பார்த்துத்தான் குடிபோனார், அதாவது சரியாக ராகு காலத்திலேயே போனார். பூனை குறுக்கே போனதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்தார்: நான்கு வருடத்தில் அறுபத்தொரு பூனை, இரண்டு விபத்து, இரண்டிலும் பூனை இல்லை. இதைப் பெருமைக்காகச் செய்யவில்லை. ஒன்றைச் சரி என்று கண்டால் அதன்படி நடப்பதுதான் மனிதனுக்கு அழகு என்று நம்பினார். பிறரையும் அப்படியே நடக்கச் சொல்வார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, காய்ச்சலில் கிடந்த ஆறு வயது மகள் பாவாத்தாளின் கையில் மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்றைக் கண்டார். அவருடைய நண்பரும் சர்வே வாத்தியாருமான அப்துல் நாசரின் மனைவி உம்மல் குல்சும் கொடுத்தது. பாலுசாமி கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்டினார்.

அவருடைய மனைவி சாந்தாமணி அதிகம் பேசாதவள். அன்றைக்குப் பேசினாள். “கயிறு மட்டும் உங்களுக்கு ஆகாதுங்களா? தினமும் கெளம்பறப்ப வாரேன், வாரேன்னு சொல்லீட்டுப் போறீங்களே, போறவரு எதுக்குங்க வாரேன்னு சொல்றீங்க? அது எந்த பொஸ்தகத்துல போட்டிருக்குது?”

வாசற்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த பாலுசாமி நின்றுவிட்டார். முப்பத்தைந்து வருடமாகத் தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துகொண்டிருப்பதை அவர் கவனித்ததே இல்லை. நேர்மையான மனிதர் என்பதால் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். மனைவி சொன்னதில் தப்பில்லை.

“நீ சொல்றது செரிதான் அம்மணி” என்றார். “நான் போறேன்.”

சொன்ன மாத்திரத்தில் சாந்தாமணியின் கை தானாக வாயைப் பொத்தியது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் அவர் தெருவில் நடந்துகொண்டே இருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தவுடன் அவளுக்கு விஷயம் புரிந்துபோனது. அவருக்குப் புரிய நான்கு நாள் ஆனது. ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் பேச நேரமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்று நான்கைத் தொட்டிருந்தது. சாந்தாமணி பாவாத்தாளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் வந்த பதினெட்டு அடியில் எந்தத் தடையும் இல்லை. அவர் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஜட்கா பிடித்து டாக்டர் வீட்டுக்கு ஓடினார். வழியில் பிள்ளையின் கையைப் பார்த்தார். வெட்டிய கயிறு முடிச்சுப் போட்டு மறுபடியும் கட்டப்பட்டிருந்தது. முடிச்சு நழுவாதபடி தன் விரலால் அதைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கயிற்றைப் பற்றி இருவரும் பிறகு பேசவே இல்லை.

சனிக்கிழமை அப்துல் நாசர் அளவு நாடாவோடு வந்தார். நாடாவின் ஒரு நுனியைக் கேட்டில் கட்டினார், மறு நுனியைப் பாலுசாமியிடம் கொடுத்து நடக்கச் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி நடந்தும் நாடா தொய்யவில்லை. பதினெட்டு அடி என்றே காட்டியது. நாசர் இருமுறை அளந்து, கையெழுத்திட்டு, தேதி போட்டுக் கொடுத்தார். அவரும் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர்தான். நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது, “போயிட்டு வாரேன் தங்கச்சி, வாரேன்” என்று இரண்டு தடவை சொன்னார். அந்த வாரத்திலிருந்து தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். தபால்காரர் கூடக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு “வாரனுங்க” என்று சொல்லாமல் நகர்ந்ததில்லை. பாலுசாமியும் நாளெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஆனால் அது வீட்டுக்குள் நின்று சொல்ல வேண்டிய சொல். அவர் நின்றதோ வெளியே.

வீட்டை மாற்றிவிடலாம் என்று சாந்தாமணி முடிவு செய்தாள். பீளமேட்டில் ஒரு வாடகை வீடு பிடித்தார்கள். பாலுசாமி தடங்கலின்றி உள்ளே போனார், மகளைத் தூக்கிச் சுற்றினார், மூன்று வாரம் சுகமாக இருந்தார். நாலாவது வெள்ளிக்கிழமை சாந்தாமணி ஆட்டுக்கல்லைக் கழுவி முதல் முறையாக மாவாட்டினாள். அன்று மாலை அந்த வாசலும் பதினெட்டு அடிக்குத் தள்ளிப் போனது. எந்த இடம் அவர்களுக்கு வீடாகிறதோ அந்த இடம் அவருக்கு எட்டாது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு இடங்களை வீடாக விடாமல் பார்த்துக்கொள்வதே சாந்தாமணிக்கு வேலையாயிற்று. கோலம் போடவில்லை. மூட்டைகளைப் பிரிக்கவில்லை. ஓட்டல் கேரியரில் சோறு வந்தது. ஆணியில் காலண்டர் மாட்டவில்லை. ஒன்றரை வருடத்தில் ஐந்து இடம் மாறினார்கள். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், என்றைக்காவது அவள் இருட்டில் தேடாமலே தீப்பெட்டியை எடுத்துவிடுவாள். மறுநாள் அவர் தெருவில் நிற்பார். ஐந்தாவது இடம் சிங்காநல்லூரில். அங்கே ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்த பாவாத்தாள், பையை மூலையில் எறிந்துவிட்டு, “அம்மா, ஊட்டுக்கு வந்துட்டேன்!” என்று கத்தினாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அப்பனை நான்தான் தொரத்திப்போட்டேன் என்று அன்று இருட்டும் வரை அழுதாள். பாலுசாமி தெருவிலிருந்தே கூப்பிட்டு, அவளை வெளியே வரவழைத்து, பெட்டிக்கடையில் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். “நீ சொன்னதுல தப்பே இல்ல கண்ணு. பள்ளிக்கூடம் உட்டா எல்லாரும் ஊட்டுக்குத்தான வரணும்?” என்றார்.

சாந்தாமணி பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “போதுமுங்க” என்றாள். “புள்ளைக்கு ஒரு ஊடு வேணும். உங்களுக்கு இல்லாட்டியும் அவளுக்கு வேணும்.” அவர் தலையை ஆட்டினார். அவள் மகளோடு ஆர்.எஸ்.புரம் திரும்பினாள்.

எதிர்ப்பக்கத்துக் காலிமனையைப் பாலுசாமி குத்தகைக்கு எடுத்து ஓர் ஓட்டுக்கூரை அறை போட்டார். அதை யாரும் வீடு என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஷெட் என்றே அழைத்தார்கள். பத்து வருடக் குடும்ப வாழ்க்கை அந்தத் தெருவின் குறுக்கே நடந்தது. காலையில் சாந்தாமணி தூக்குப்போசியில் சோறு கொண்டுவருவாள். மாலையில் பாவாத்தாள் கணக்கு நோட்டோடு வருவாள். சாந்தாமணி ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே உட்கார மாட்டாள். தரையில் குப்பை கிடந்தாலும் கூட்ட மாட்டாள். சில சாயங்காலங்களில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள், சட்டென்று எதையோ கேட்டவள் போல எழுந்து போய்விடுவாள். மழை நாட்களில் இருவரும் அவரவர் பக்கத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காரமடை ரங்கநாதரிலிருந்து மாசாணியம்மன் வரை சாந்தாமணி போகாத கோயில் இல்லை. அவர் எங்கும் வர மறுத்தார். 1961இல் ஒரு நாள் மட்டும், கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் கொடுமுடிக்கு ரயிலேறி, காவிரியில் முழுகி, அங்கே சொன்ன பரிகாரத்தையெல்லாம் செய்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார். நேராகக் கேட்டை நோக்கி நடந்தார். சாந்தாமணி உள்ளிருந்து அதைப் பார்த்துவிட்டாள்.

“வெக்கமா இருக்குது சாந்தா” என்றார், அவள் துண்டோடு வெளியே வந்தபோது.

“எதுக்குங்க வெக்கம்? தலையத் தொவட்டுங்க மொதல்ல.”

1966ஆம் ஆண்டு தை மாதம் பாவாத்தாளுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டு வாசலில் பந்தல் போடாமல், தெருவுக்கும் ஷெட்டுக்கும் சேர்த்துப் போட்டார்கள். தகப்பன் நிற்க வேண்டுமே. பெண் உடுமலைப்பேட்டைக்குப் போன பிறகு, சாந்தாமணி எட்டு நாள் அந்தப் பெரிய வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டாள். ஒன்பதாம் நாள் காலை, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பாய், ஒரு தலையணை, கறிவேப்பிலைத் தொட்டி ஆகியவற்றோடு தெருவைக் கடந்து வந்தாள்.

“இதும் தள்ளிப் போயிருமே அம்மணி” என்றார் பாலுசாமி.

“போறப்ப போவட்டுங்க. எத்தன நாள் கெடைக்குதோ அத்தன நாள்.”

பதினொரு நாள் கிடைத்தது. அந்தப் பதினொரு நாளும் அவள் ஆசை தீரக் கூட்டினாள், மெழுகினாள், அவர் சட்டைகளுக்குப் பித்தான் தைத்தாள். அவர் அவளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினார். இருவரும் இளம் வயதில் பேசாததையெல்லாம் பேசினார்கள். பன்னிரண்டாம் நாள் மாலை அவர் கல்லூரியிலிருந்து திரும்பியபோது ஷெட் பதினெட்டு அடி தள்ளி நின்றது. வாசலில் சாந்தாமணி நின்றிருந்தாள். அவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஒரு கம்பியில் முதுகை இடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தார். பழைய வீட்டின் கேட். பன்னிரண்டு வருடத்தில் அவர் அதைத் தொட்டதில்லை.

சாந்தாமணி சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தார். காலடியில் தரை சும்மா தரையாக இருந்தது. அவள் இல்லாத, மகள் இல்லாத அந்த இடம் இப்போது வெறும் கட்டடம். ஆகவே அது அவரை உள்ளே விட்டது. அறை அறையாகப் போனார். சுவரில் அவருக்குத் தெரியாத ஒரு வண்ணம் அடித்திருந்தது. தான் கட்டிய வீட்டில் ஸ்விட்ச் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அடுக்களையில் வெகுநேரம் நின்றவர், பிறகு முன் ஜன்னலைத் திறந்தார்.

“சாந்தா, சக்கரை எங்க வெச்சிருக்கற?”

“ரெண்டாவது தட்டுல, பித்தளை டப்பாவுலீங்க” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. “எறும்பு இருந்தா பாத்து எடுங்க.”

மறுநாளிலிருந்து தபால்காரர் பாலுசாமியின் கடிதங்களை வீட்டிலும் சாந்தாமணியின் கடிதங்களை ஷெட்டிலும் கொடுத்தார். நகராட்சிக்காரர்கள் வந்து கதவு எண்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். காலை ஆறு மணிக்கு அவள் இரண்டு டம்ளர் காப்பியோடு தெருவுக்கு வருவாள். அவரும் கேட்டைத் தாண்டி வருவார். பஸ் வந்தால் இருவரும் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்று குடித்தார்கள்.