ஏழு நாள் உடையாத கண்ணாடி

நவ்ரீன் நிலவியல் படித்தவள் என்று பழைய வண்ணாரப்பேட்டையில் அவள் தெருவுக்கு மூன்று வருஷமாகத் தெரியும். அந்தப் படிப்பு எதற்கு என்றுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது. பர்மாவில் பூமி குலுங்கிய வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதுவும் தெரிந்துவிட்டது. அடுத்த குலுக்கல் எத்தனை மணிக்கு என்று சொல்வதற்கு.

அவளால் அதைச் சொல்ல முடியாது. உலகத்தில் யாராலும் முடியாது. இதை மாவு மிஷின்காரரிடம் சொன்னாள், எதிர்வீட்டு முபாஷிர் பாயிடம் சொன்னாள், அம்மா சாபிராவிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை சொன்னாள். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, சரிம்மா, ஒரு தோராயமா சொல்லு என்றார்கள். முபாஷிர் பாய் இன்னும் ஒரு படி மேலே போய், வாட்ஸப்பில் ஒருத்தர் நாளை சாயந்திரம் நாலு இருபதுக்கு என்று சொல்லியிருக்கிறார், காலேஜ் போகாதவரே நிமிஷக் கணக்காகச் சொல்கிறார் என்று வருத்தப்பட்டார். அந்த நாலு இருபது வந்து போனது. ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக அந்த ஆள்மேல் அவருக்கு மரியாதை குறையவும் இல்லை.

பர்மாவில் சொந்தம் இருப்பது அந்தப் பக்கத்தில் அதிசயமில்லை. அறுபதுகளில் நவ்ரீனின் தாத்தா, அதாவது சாபிராவின் அத்தா, ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறி வந்தார். அவருடைய அண்ணன் வரவில்லை. அந்த அண்ணனின் மகன்தான் மஜீது மாமா. மாண்டலேயில் தையல் மிஷின் பழுது பார்ப்பவர், மனைவி இறந்து ஆறு வருஷம், ஒரே மகள் ரங்கூனில். வீடு முழுசாக விழவில்லை. தெருப் பக்கத்துச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை விரிசல். அவரும் தெருக்காரர்களும் எதிரே தார்ப்பாய் கட்டி அதன்கீழ் கிடந்தார்கள்.

உயிரோடு இருக்கிறார், அது போதும் என்று விட்டுவிட முடியவில்லை. அவருடைய பதிவு அட்டை உள்ளே பீரோவில் இருந்தது. அது இல்லாமல் மகளிடம் போக ரங்கூன் பஸ் ஏற முடியாது, வழியில் சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவார்கள் என்றார். ரெண்டு நிமிஷம், உள்ளே போய் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று தினமும் சொன்னார்.

நவ்ரீன் தினமும் வேண்டாம் என்றாள். அவள் போனில் நில அதிர்வுப் பட்டியல் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. மாண்டலே பக்கம் எப்போது குலுங்கினாலும் போன் நடுங்கும், அளவும் ஆழமும் வரும். நாலு புள்ளி ஒன்று. மூன்று புள்ளி எட்டு. நாலு புள்ளி ஆறு. அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, ஏழுல ஆரம்பிச்சது நாலுக்கு வந்துட்டுது, இன்னும் நாலு நாள்ல பூஜ்ஜியம் ஆயிடும் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அது படிக்கட்டு இல்லை, வரிசையாக இறங்காது, நடுவில் பெரிதாக ஒன்று வரலாம் என்று நவ்ரீன் விளக்கினாள். அம்மா கேட்டாள். அடுத்த நாள் போய் இன்னும் மூன்று நாள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மாமாவோ ஒரு வாரத்துக்கு மேல் பொறுக்க மாட்டார் போலிருந்தது. அதனால்தான் நவ்ரீன் கண்ணாடியை யோசித்தாள்.

அது அவள் வேலையில் கற்றது. எண்ணூரில் ஒரு புதுக் கப்பல்துறைக்குக் கடலில் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்கும்போது கரையில் குடியிருப்பவர்களின் சுவர் அதிர்கிறது, விரிசல் விழுகிறது என்று புகார். காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனி நவ்ரீனை வேலைக்கு வைத்து வீடு வீடாக அனுப்பியது. ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்டில் ஒட்டி, அதன்மேல் கறுப்பு மையில் தேதி எழுத வேண்டும். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். கண்ணாடி வளையாது, சமாதானம் பேசாது, அதனால்தான் அதற்கு அந்த வேலை.

மாமாவிடம் அவள் பேரம் பேசினாள். வெளியிலிருந்தே விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடி ஒட்டுங்கள். தினமும் காலையில் போட்டோ அனுப்புங்கள். ஏழு நாள் உடையாமல் இருந்தால் தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ரெண்டு நிமிஷம் போங்கள். உடைந்தால் போகக் கூடாது. மாமா ஒப்புக்கொண்டார். அது ரெண்டாம் நாளே உடைந்துவிடும், அவர் வாயடைத்துவிடும் என்பது நவ்ரீனின் கணக்கு.

உடையவில்லை.

ரெண்டாம் நாள் போட்டோவில் கண்ணாடி முழுசாக இருந்தது. மூன்றாம் நாளும். நாலாம் நாள் நாலு புள்ளி மூன்று ஒன்று வந்தது. அன்றும் சுவரில் கண்ணாடி பளபளவென்று நின்றது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நவ்ரீனுக்கு எரிச்சலாக வந்தது. பிறகு, சுவர் நாம் நினைத்ததைவிடக் கெட்டியோ என்று ஒரு மூலையில் தோன்ற ஆரம்பித்தது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

எண்ணூரில் வேறு கதை. அந்த வாரத் திங்கட்கிழமை யசோதரா அக்கா வீட்டில் கண்ணாடியே இல்லை. யசோதராவின் புருஷன் முகத்துவாரத்தில் மீன் பிடிப்பவர், வீடு தூண் இறக்கும் இடத்துக்கு ரொம்பப் பக்கம். கண்ணாடி எங்கே என்று கேட்டதற்கு, உடைந்துவிட்டது, பெருக்கித் தள்ளிவிட்டேன் என்றாள் அக்கா.

நவ்ரீனுக்குத் தலை சுற்றியது. அது உடைய வேண்டும் என்றுதான் ஒட்டுகிறோம், உடைந்தால்தான் சுவர் நகர்ந்தது என்று அர்த்தம், உடைந்த துண்டுதான் உங்கள் சாட்சி, கண்ணாடி இல்லாவிட்டால் எங்கள் சூப்பர்வைசர் பரசுராமன் சார் ரிஜிஸ்டரில் ஒரு கோடு போடச் சொல்வார், கோடு போட்டால் உங்கள் புகார் செத்தது என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

யசோதரா அவளை ஏதோ பாவம் என்பதுபோல் பார்த்தாள். "ஒடஞ்ச கண்ணாடிய எவளாவது வூட்ல வெச்சிகினு இருப்பாளா? வெளக்கு வெக்கிற எடம்மா அது. இன்னா படிச்சியோ போ."

நவ்ரீன் புதுக் கண்ணாடி ஒட்டினாள், தேதி எழுதினாள், தொடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னாள். டோல்கேட்டில் ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும்போதும் வாய்க்குள் திட்டிக்கொண்டே நின்றாள். வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துத் திட்டுகிறாள் என்று ஒரு டிரைவர் நினைத்து ஹாரன் அடித்தான். அவனையும் திட்டினாள்.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் மாமாவின் போட்டோ வந்தது. கண்ணாடி முழுசு. கூடவே ஒரு குரல் பதிவு: ஜும்ஆ தொழுகை முடிந்ததும் உள்ளே போகிறேன், அல்லாஹ் காப்பான், உன் படிப்பும் காப்பாற்றும். நவ்ரீன் வேண்டாம் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தாள். வாக்குக் கொடுத்தவள் அவள்தானே. எண்ணூருக்குப் போய்விட்டாள்.

பதினொரு மணிக்கு யசோதரா வாசலிலேயே காத்திருந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் கண்ணாடி இருந்தது. முழுசாக இருந்தது. தடிமனாகவும் இருந்தது. ஓரம் பச்சையடித்தது. தேதி இல்லை.

"இது என்னுது இல்லக்கா."

"உன்னுது புதன்கெழமையே பூட்ச்சு. அவரு போட்டோ ஃபிரேமுல இருந்த கண்ணாடிய வெட்டி நானே ஒட்டிட்டேன். பாரு, கம்முனு கீது. நீ வந்து பாத்தா ஒடஞ்சு கெடந்தா உனுக்கு மனசு பேஜாராவும்ல."

நவ்ரீன் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். மாமாவின் கண்ணாடி ஞாபகம் வந்தது. அங்கேயே நின்று போனை எடுத்து மாமா அனுப்பிய ஏழு போட்டோக்களையும் வரிசையாகத் தள்ளிப் பார்த்தாள்.

முதல் நாள் கண்ணாடி சற்றுச் சாய்ந்திருந்தது, ஒரு பக்கச் சிமென்டில் மாமாவின் கட்டைவிரல் தடம். மூன்றாம் நாள் நேராக இருந்தது, தடம் இல்லை. நாலாம் நாள் அகலம் கூடுதல். ஆறாம் நாளில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று, அதில் மாமாவின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. அதன்கீழ் விரிசல். முதல் நாள் தீக்குச்சி அகலம். இன்று ஒரு விரல் நுழையும். ஏழு நாளும் அவள் கண்ணாடியைத்தான் பார்த்திருக்கிறாள். சுவரைப் பார்க்கவே இல்லை.

மாண்டலேயில் கடிகாரம் இங்கிருப்பதைவிட ஒரு மணி நேரம் முன்னால். தொழுகை தொடங்கியிருக்கும், சீக்கிரம் முடிந்தும்விடும். மாமாவுக்குப் போன் அடித்தாள். போகவில்லை. மறுபடி அடித்தாள். போகவில்லை. அம்மாவுக்கு அடித்தாள்.

"மாமா கண்ணாடிய மாத்தி மாத்தி ஒட்டியிருக்காரும்மா."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "நான்தான்டி சொன்னேன். ரெண்டாம் நாளே ஒடஞ்சுட்டுதுன்னு சொன்னாரு. ஒடஞ்சத செவுத்துல வெச்சா வூட்டுக்கு ஆவாது, பிச்சிப் போட்டுட்டு வேற ஒட்டு அண்ணேன்னு சொன்னேன். உனுக்கு எதுக்கு டென்ஷன் குடுக்கணும்னு சொல்லல."

நவ்ரீன் போனை வைத்துவிட்டாள். வைத்திருக்காவிட்டால் என்ன பேசியிருப்பாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது. யசோதரா ஒன்றும் புரியாமல் ஒரு சொம்பு தண்ணீரோடு நின்றாள். நவ்ரீன் அதைக் குடித்தபடியே மாமாவுக்கு விடாமல் அடித்தாள். பதினோராவது தடவையோ பன்னிரண்டாவதோ, மணி அடித்தது. மாமா எடுத்தார். குரல் எங்கோ பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தார்.

"மாமா, எங்க நிக்கிறீங்க?"

"வாசல்லதாம்மா. பிஸ்மில்லா சொல்லிக் கால் வைக்கப் போறேன்."

"வைக்காதீங்க. எத்தனை கண்ணாடி ஒடஞ்சுது?"

மாமா யோசித்தார். "அஞ்சு. இல்ல, நேத்து ராத்திரியோட ஆறு. ஆனா காலைல ஒட்டினது நல்லாத்தாம்மா இருக்கு."

"அது ஒட்டி ஆறு மணி நேரம்தான் ஆச்சு மாமா. செவுரு தெருப் பக்கமா சாயுது. தள்ளி வாங்க."

"வாக்குக் குடுத்தியேம்மா, ஏழு நாள்னு."

"ஒடையாம இருந்தாத்தான்னு சொன்னேன். மாத்திகினே இருந்தாலும்னு சொல்லல."

அந்தப் பக்கம் ஹெல்மெட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு மாமா, வெகு நிதானமாக, "அட்டை இல்லாம நான் இந்த ஊர்ல யாரும்மா?" என்றார்.

அது நவ்ரீன் படித்த நிலவியலில் இல்லை. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அப்படிப்பட்ட கேள்விக்கு அவளுக்குக் கோபம்தான் வரும். வந்தது. "செத்தா அந்த அட்டையில இன்னா எழுதுவாங்கன்னு போய்ப் பாருங்க, போங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமா சிரித்தார். உன் தாத்தாவும் இப்படித்தான், அன்பு வந்தால் திட்டுவார் என்று எங்க அத்தா சொல்வார் என்றார். சரி, இன்றைக்குப் போகவில்லை என்றார். ஒட்டியிருந்ததை அப்படியே விடச் சொன்னாள். உடைந்தாலும் தொடக் கூடாது, தார்ப்பாயைச் சுவரை விட்டுத் தள்ளிப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டு போக வேண்டும். ஒவ்வொன்றையும் அவரையே திருப்பிச் சொல்ல வைத்தாள்.

பிறகு யசோதராவின் குப்பைக்கூடையைக் கவிழ்க்கச் சொன்னாள். மீன் செதிலுக்கு நடுவே தேதி எழுதிய துண்டு கிடைத்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ரிஜிஸ்டரில் பின் அடித்து, கோடு போட வேண்டிய கட்டத்தில் ‘உடைந்தது’ என்று எழுதினாள். பரசுராமன் சார் என்ன சொல்வார் என்று தெரியும். சொல்லட்டும்.

சாயந்திரமே மாமாவின் போட்டோ வந்தது. கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. எடுத்துவிடட்டுமா, பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டிருந்தார். தொடாதீங்க என்று பதில் போட்டாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடைந்த கண்ணாடி ஒன்று தன் அண்ணன் வீட்டுச் சுவரில், அதுவும் தன் மகள் சொல்லி, இருக்கிறது என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் நடுங்கியது. அஞ்சைத் தாண்டிய எண். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். நாலுக்கப்புறம் மூணு இல்லையா என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மாமாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். முபாஷிர் பாய் வாசலில் வந்து நின்றார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் போட்டோ வந்தது.

தெருப் பக்கத்துச் சுவர் முழுசாகத் தெருவில் கிடந்தது. தார்ப்பாய் இருந்த இடத்தில் செங்கல். வீட்டின் முன்னறை மேடைபோல் திறந்து கிடக்க, அதன் ஓரத்தில் பீரோ நின்றது. அதன் கதவில் பதித்த ஆளுயரக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த போட்டோவில் மாமாவின் கை, கையில் அட்டை. செங்கல் குவியல்மேல் நின்றபடியே மூங்கில் கழியால் கதவை நெம்பித் திறந்து எடுத்தாராம். உள்ளே கால் வைக்கவில்லை என்பதை மட்டும் குரல் பதிவில் இரண்டு தடவை சொன்னார்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டோவைப் பெரிதாக்கி, கீழே கிடந்த சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளைக் கண்டுபிடித்தாள். நவ்ரீன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு நாளா ஒடஞ்ச கண்ணாடிய மாட்டிகினு இருந்தா செவுரு எப்டிடி நிக்கும்? நான் அப்பவே சொன்னேன்."

முபாஷிர் பாய் வாசலிலிருந்து, அது வாஸ்தவம்தான் என்றார்.

நவ்ரீன் அம்மாவைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், எழுந்து போய் அம்மா அணைத்த அடுப்பைப் பற்றவைத்தாள். போன் மறுபடி நடுங்கியது. மாமாதான். நாளை பஸ், ரங்கூனில் மகள் வீட்டுச் சுவரிலும் மயிரிழையாக ஒரு கோடு தெரிகிறதாம், அங்கேயும் ஒன்று ஒட்டவா என்று கேட்டிருந்தார். ஒட்டுங்க என்று எழுதினாள். அனுப்பும் முன் நிறுத்தி, கண்ணாடியையும் சுவரையும் சேர்த்துப் போட்டோ எடுங்க, அம்மாவுக்கு அனுப்பாதீங்க என்று சேர்த்து எழுதி அனுப்பினாள்.