முப்பதாவது ஆள்

என் மனைவி கார்லாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் நர்ஸ் ஆகும் ஆசை வந்தது. முதியோர் இல்லத்தில் இத்தனை வருடம் படுக்கை விரித்தது போதும் என்றாள். நர்சிங் கல்லூரியோ, முதலில் புள்ளியியலில் தேறிவிட்டு வா என்றது. போன வருடம் அந்தப் பாடத்தில் சேர்ந்து பாதியில் விட்டாள். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் இடம் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

வகுப்பு முழுக்க ஆன்லைனில்தான். பேராசிரியர் பாயர் என்று ஒருவர். குரல் வரும், முகம் வராது. பழைய ஒலிப்பதிவை ஓடவிட்டு மனுஷன் மீன் பிடிக்கப் போய்விட்டாரோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம் இருந்தது. வாரா வாரம் ஒவ்வொருவரும் ஏதாவது எழுதிப் போட வேண்டும். கூடப் படிக்கிற இரண்டு பேருக்குப் பதிலும் போட வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும். அதனால் ஒருவர் பாக்கியில்லாமல் 'அருமையாகச் சொன்னீர்கள், எனக்கும் அதே கருத்துதான்' என்று எழுதிக்கொள்கிறார்கள். எங்கள் சர்ச் கமிட்டியில் இவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதே இல்லை.

மார்ச் மாதம் பெரிய வேலை ஒன்று கொடுத்தார் பாயர். முப்பது பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு, சராசரி போட்டு, விளக்கி எழுத வேண்டும். 'போன வாரம் எத்தனை நாள் ராத்திரிச் சாப்பாட்டை யாரோடாவது சேர்ந்து சாப்பிட்டீர்கள்?' என்பது கார்லாவின் கேள்வி. இல்லத்தில் கூட வேலை செய்பவர்கள், என் தங்கை, முடி வெட்டுகிறவள் என்று ஒரே நாளில் கேட்டு முடித்தாள். மறுநாளே வேலை திரும்பி வந்தது. இவர்கள் எல்லோரும் உங்கள் சிநேகிதர்கள், இது சமவாய்ப்புத் தேர்வு ஆகாது, யாரைக் கேட்பது என்பதை நீங்கள் முடிவு செய்யக்கூடாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் புதிதாகச் செய்யாவிட்டால் பூஜ்யம் என்று எழுதியிருந்தார். பூஜ்யம் என்றால் பாடமும் போச்சு, நர்சிங்கும் போச்சு.

சனிக்கிழமை மத்தியானம் சர்ச்சின் தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து, பெயர்களுக்கு எண் போட்டு, கால்குலேட்டரையே ஆளைப் பொறுக்கச் சொன்னாள். வாரம் முழுக்கப் பனி தள்ளும் வண்டி ஓட்டிய அலுப்பில் நான் சோபாவில் கிடந்து வேடிக்கை பார்த்தேன். எங்கள் ஊரில் போன் செய்தால் நேராக விஷயத்துக்கு வர முடியாது. முதலில் பனியைப் பற்றிப் பேச வேண்டும். முடிக்கும்போது 'சரி அப்போ' என்று சொல்லிவிட்டு, நாய்க்கு உடம்பு எப்படி என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஆளாளுக்கு ஏழு என்றார்கள், ஐந்து என்றார்கள். கல்யாணமே வேண்டாம் என்று திரிகிற ஆர்லின்கூட மதுக்கடையில் யாரோடோ உட்கார்ந்து நாலு நாள் சாப்பிட்டிருந்தான்.

கடைசி எண்ணுக்கு உரிய பெயரைப் பார்த்ததும் கார்லா பேனாவைக் கீழே வைத்தாள். நடீன் ஆஸ்டர்.

ஒரு காலத்தில் இருவரும் ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி காய்கறி வாங்கமாட்டார்கள். சர்ச் விருந்து ஒன்றில் கார்லா செய்த ஹாட்டிஷ் என்ற இறைச்சி, உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "வித்தியாசமா இருக்கே" என்றாள் நடீன். எங்கள் மினசோட்டாக்காரர்கள் யாரையும் வாய்விட்டுத் திட்டுவதில்லை. வித்தியாசமாக இருக்கிறது என்பார்கள், அதற்கு மேல் வசவு கிடையாது. அன்றைக்கு நின்ற பேச்சு. அக்டோபரில் நடீனின் கணவர் க்ளென் இறந்தபோது சர்ச்சில் நடந்த அடக்க ஆராதனையில் கார்லா கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, பேசாமல் திரும்பி வந்தாள். ஊரே இரண்டு வாரம் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுபோய் நடீனுக்குக் கொடுத்தது. அப்புறம் பனிக்காலம் வந்தது, அவரவர் வீட்டில் அடைந்துகொண்டோம்.

"அடுத்த எண்ணை எடு. இல்லேன்னா அஞ்சுன்னு எழுதிப் போடு. பாயர் வந்து பாக்கவா போறார்?" என்றேன்.

கார்லா என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன்.

"நாளைக்கு நான் நர்சாகி, ஒரு நோயாளியோட எனக்கு ஆகலைன்னா, பக்கத்துலயே போகாம ரத்த அழுத்தத்தை என் இஷ்டத்துக்கு எழுதலாமா, டேல்?"

அவள் போனைப் போட்டு, எழுதுவதற்கு வசதியாக ஸ்பீக்கரில் வைத்தாள்.

நடீன் எடுத்தாள். இருவரும் பனியைப் பற்றிப் பேசினார்கள். அவ்வளவு பனி இந்த உலகத்திலேயே கிடையாது, அவ்வளவு நேரம் பேசினார்கள். பிறகு கார்லா தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பு, சமவாய்ப்பு எல்லாவற்றையும் சொல்லி, கேள்வியைக் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள்.

அந்தப் பக்கம் டிவிச் சத்தம் குறைந்தது.

"ஒரு நாளும் இல்ல," என்றாள் நடீன். "உன் சராசரி கெட்டுப்போயிருமாடி? டிவி பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வேணும்னா அதை ஒரு ஆளாச் சேத்துக்கோ," என்றாள்.

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். நாங்கள் சிரிக்கவில்லை. அவள் வீட்டு வாசல் வழியாகத்தான் குளிர்காலம் முழுக்க வண்டி ஓட்டியிருக்கிறேன். பாதையில் பனி இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, வேறு எதையும் பார்க்கவில்லை.

கார்லா பூஜ்யம் போட்டாள். "இன்னைக்கு ஆறு மணிக்கு இங்க வா," என்றாள்.

"கணக்கு மாறிடாதா?"

"கேள்வி போன வாரத்தைப் பத்திதான். நீ வா."

நடீன் வந்தாள். சாப்பாட்டில் உப்பு கம்மி என்று வந்த வேகத்தில் சொன்னாள். கார்லா உப்பு ஜாடியை எடுத்து ஓசையோடு அவள் முன்னால் வைத்தாள். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வந்தாள், அதற்கு அடுத்ததும்.

கார்லா தேறிவிட்டாள். பாயர் நல்ல மதிப்பெண்ணே போட்டிருந்தார், மீன் பிடிக்கப் போகவில்லை போலிருக்கிறது. கீழே மட்டும் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'கடைசி எண் மற்ற எண்களோடு ஒட்டவே இல்லை. பதிவு செய்ததில் ஏதாவது பிழையா?'

கார்லா வெகுநேரம் யோசித்துப் பதில் அடித்தாள். அனுப்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

'எண் சரிதான், ஐயா. பிழை எங்களுடையது.'