கோட்டைக்குக் கொண்டுபோன காப்பி

கோட்டைக்குப் போகலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் மகன் நிஸார் பிழைப்புத் தேடி ஏறிப்போன படகு சைப்ரஸ் பக்கம் கவிழ்ந்துவிட்டது. உடலை அங்கேயே அடக்கிவிட்டார்களாம். கூடப் போய்த் தப்பியவன் போனில் சொல்லி நான்கு நாளாகிறது. இன்றாவது என் மனைவி நஜ்லாவிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏறும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"சுல்தானுங்க குதிரையில ஏறுனாங்க. என் தலையெழுத்து, உங்க பின்னால மூச்சு வாங்கிக்கிட்டு ஏறணும்."

"காப்பி இல்லாம வரமாட்டேன்னு பிளாஸ்க்கைத் தூக்கிட்டு வந்தது யாரு? கொடு இங்கே."

"வேணாம் அபு நிஸார். உங்க கையும் ஆகாது, வாயும் ஆகாது."

அபு நிஸார் என்றால் நிஸாரின் அப்பா. இருபத்தைந்து வருஷமாக ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. இன்றைக்கு அது முள்ளாகக் குத்தியது.

வாய் ஆகாது என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் காப்பி குடித்ததும், "எப்பவும் இப்படியே இருக்கட்டும்" என்று வாழ்த்திக் கோப்பையைத் திருப்பித் தருவோம். துக்க வீட்டில் தருவது சர்க்கரையில்லாத காப்பி; அங்கே மட்டும் அதைச் சொல்லக்கூடாது. போன வருஷம் பக்கத்து வீட்டுச் சாவில், அந்தக் கசப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அதையே சொல்லித் தொலைத்தேன். நஜ்லா இடுப்பில் கிள்ளியது ஒரு வாரம் வலித்தது.

மேற்குச் சுவர் இடிந்து கிடந்த இடத்தில் உட்கார்ந்தோம். கீழே எலுமிச்சைத் தோட்டங்கள், அப்பால் கடல். மழை ஓய்ந்த மாலை என்பதால் அடிவானத்தில் சைப்ரஸ் மலை தெரிந்தது. பாழாய்ப்போன மலை! இப்படிப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்துதானே எங்கள் பிள்ளைகளை ஏமாற்றுகிறது.

"நஜ்லா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல குடிங்க."

ஒரு வாய் குடித்தேன். கசந்தது.

"சர்க்கரை போட மறந்துட்டியா?"

"மறக்கல." அவள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பையன் முதல்ல எனக்குத்தான் போன் பண்ணான். உங்களுக்கு நெஞ்சுவலி வந்துடுமோன்னு பயந்து, ஒரு வாரம் கழிச்சு உங்ககிட்ட சொல்லச் சொன்னேன். அப்புறம் நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு நாலு நாளாப் பார்த்தேன். பதினோரு நாளா உங்களுக்காகச் சர்க்கரை போட்டுக் கலக்குனேன். இனிமே என்னால முடியல."

அழக்கூடத் தெரியாத முட்டாள் நான். கோப்பையில் இருந்ததை அடிவரை குடித்தேன். அவளிடம் நீட்டினேன். என் வாய் தன் பாட்டுக்குச் சொன்னது:

"எப்பவும் இப்படியே இருக்கட்டும்."

நஜ்லா கிள்ளவில்லை. கோப்பையை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"இப்படியேதான் இருக்கப்போகுது, அபு நிஸார்," என்றாள்.