திங்கட்கிழமை அளவு

கிரேன் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கிய உடம்பு. சர்க்கரை நோய் இடது உள்ளங்காலில் குழி தோண்டி எட்டு மாதமாயிற்று; குழி மூடுகிற வழியாக இல்லை.

ஞாயிறு தவிர எல்லாக் காலையும் ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் அறைக்குப் போவார். இரும்புத் தொட்டி மாதிரி ஒரு அறை, உள்ளே நாலு நாற்காலி. கதவை அடைத்துக் காற்றை ஏற்றினால் காது அடைக்கும். முகமூடி மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம். நடுவில் இரண்டு தடவை, ஐந்தைந்து நிமிஷம், முகமூடியைக் கழற்றச் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிஷம்தான் அவருடைய ஒரு நாள் பேச்சு. வீட்டில் யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் தூர தேசத்தில்.

"என்ன கிரேனு, ஊர் மூட்டையத் தூக்குனவரு சொந்தக் காலத் தூக்க முடியலையா?" என்பாள் பக்கத்து நாற்காலித் தையல்காரி.

"உன் வாயத் தைக்க இன்னும் ஊசி கிடைக்கலையாம்மா?"

சனியும் திங்களும், அவர்கள் 'கணக்கு டீச்சர்' என்று பெயர் வைத்திருந்த பெண் வருவாள். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. புண் ஆறுவதைக் கணக்காக எழுதிப் பார்ப்பவள். கட்டம் போட்ட கண்ணாடித்தாளைப் புண்மேல் வைத்து ஓரத்தை வரைந்து, உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ணுவாள்.

ஒரு திங்கட்கிழமை லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். வழுக்கிக்கொண்டு இறங்கும் ஒரு கோடு. அதைச் சுற்றி ரம்பப் பல் மாதிரி புள்ளிகள்.

"கோடு என் கணக்கு. ஆக்ஸிஜன் உள்ள போனா ஓரத்துலேருந்து புது ரத்தக்குழாய் முளைக்கும், குழி மூடும். புள்ளி உங்க காலு. சனிக்கிழமை கோட்டுக்கிட்ட வருது, திங்கட்கிழமை பழையபடி பெருசாயிடுது. நாலு வாரமா இப்படித்தான்."

"கணக்கு தப்பா இருக்கும்."

"இருக்கலாம். அப்ப ஆக்ஸிஜன் உங்களுக்குப் பலிக்கலைன்னு எழுதணும். சர்ஜன் கணுக்காலோட எடுத்துடுவாரு." குரல் ஏறவில்லை. "இல்லன்னா, ஞாயித்துக்கிழமை இந்தக் காலு எங்கயோ போயிட்டு வருது. எங்கய்யா போறீங்க?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. காலைப் பார்த்தார். விழுங்கிவிட்டார்.

"கிடங்குக்கு. நடந்து."

"புண்ணுல பாரம் விழாம இருக்கக் கொடுத்த பூட்ஸப் போட்டுக்கிட்டா?"

"அதப் போட்டா நொண்டின்னு சிரிப்பானுங்க."

"வலிச்சிருக்குமே?"

"வலி செத்து வருஷமாச்சு."

"அங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல. வாசல்ல நிப்பேன். லாரி வந்தா எவனாவது, 'அண்ணே, வந்துட்டீங்களா'ம்பான். அவ்வளவுதான்."

அவள் லேப்டாப்பை மூடினாள். "நீங்க காலத் தூக்கியே வெச்சிருப்பீங்கன்னு நெனச்சுக் கணக்குப் போட்டுட்டேன். சர்ஜன்கிட்ட ஒரு வாரம் கேக்கறேன். ஒரே ஒரு ஞாயிறு, காலக் கீழ வைக்காதீங்க."

அந்த ஞாயிறு கட்டிலில், இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக் கிடந்தார். மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பத்து மணிக்கு லாரி வந்திருக்கும். எவனாவது வாசலைப் பார்த்திருப்பான், பார்க்காமலும் இருந்திருப்பான். மகனுக்குப் போன் போட்டார்.

"வெளிய இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடறேன்."

"சரிப்பா."

இருட்டியபோதுதான் உறைத்தது: அன்று முழுக்க அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

திங்கட்கிழமைப் புள்ளி முதல் தடவையாகச் சனிக்கிழமைப் புள்ளிக்குக் கீழே உட்கார்ந்தது. டீச்சர் சிரித்து அன்றுதான் பார்த்தார்.

"காலு தப்பிச்சுதுய்யா. இப்படியே போனா இன்னும் இருபது தடவை போதும்."

"அப்புறம்?"

"அப்புறம் இங்க வரவே வேண்டாம்."

உள்ளே தையல்காரியின் நாற்காலி காலி. புண் ஆறிவிட்டதாம், சனிக்கிழமையோடு சரி. மற்ற இருவரும் புதியவர்கள், கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். கதவு அடைத்தது, காது அடைத்தது. முதல் இடைவேளையில் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷமும் போயிற்று. மறுபடி மாட்டிக்கொண்டார்.