முந்தி விழுந்த அடி

தெருவில் சாவு மேளம் முழங்கியதும், அப்பாவின் காலை அமுக்கிக்கொண்டிருந்த எழில்மதி எழுந்து வாசலுக்கு ஓடினாள். அப்பா பழனி இன்னும் சாகவில்லை.

"நிறுத்துங்கண்ணா! மூச்சு கீது!"

மேளக்காரர் சுப்புராயன் பதறிப்போனார். "ஃப்ரீசர் பொட்டி வந்து எறங்குச்சும்மா. முடிஞ்சிபோச்சின்னு நெனச்சிட்டேன்."

பெட்டியை வரவழைத்தது தம்பி தமிழ்வேந்தன். பந்தல், வேன் எல்லாம் அவன் ஏற்பாடுதான். அவனைத் திட்ட அவளுக்கு வாயில்லை. காலையில் வந்து இறங்கியதுமே, "ராத்திரி ஃபிளைட்டுடா, வெளிநாட்டுல ட்ரெயினிங் கேம்ப். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுமா?" என்று கேட்டவள் அவள்தான். பெற்ற அப்பனைப் பற்றிக் கேட்கிற கேள்வியா அது?

தெருவே அவளைப் பார்த்தது. ரிஷிவந்தியம் பக்கத்துக் கூலிக்காரர் மகள், ஒலிம்பிக் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவள். கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கப் போகும்போதெல்லாம் பழனி அவளையும் கூட்டிப்போய் ஏற்றத்தில் ஓடவிடுவார். அவர் கைதட்டல்தான் ஓட்டம் தொடங்கும் துப்பாக்கிச் சத்தம். முதல் ஒலிம்பிக்கில் சத்தத்துக்கு முன்பே காலை எடுத்துவிட்டாள், ஓடவிடாமலே வெளியேற்றினார்கள். ஊர் சிரித்தது. "அவசரம் யாருக்குத்தான் இல்ல," என்று போனில் சொன்னவர் அப்பா ஒருவர்தான். அடுத்த ஒலிம்பிக்கில் ஜெயித்தாள்.

உள்ளே வந்தபோது பழனி கண் திறந்திருந்தார்.

"யாரு மேளம்?"

"சுப்புராயன் அண்ணன்ப்பா. தெரியாம..."

"முந்திட்டானா?" உதட்டோரம் சிரிப்பு வந்தது. "வெளிய அனுப்பிடாத அவன. ஓடவுடு."

அவள் மறுபடி அவர் காலருகே உட்கார்ந்தாள்.

"நீ எப்ப கெளம்பணும்?"

எங்கேயும் போகவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "ராத்திரிப்பா," என்றுதான் வந்தது.

"அப்ப பால ஊத்து, மதி."

பிரியமானவர் கையால் பால் இறங்கினால் இழுத்துக்கொண்டிருக்கும் உயிர் அடங்கிவிடும் என்பார்கள். பெரியம்மா ராஜாம்பாள் காலையிலிருந்து பால் கிண்ணத்தை நீட்டியபோதெல்லாம் எழில்மதி அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணாம்ப்பா."

"நேரமாவுதில்ல."

ஊற்றினாள். இரண்டு மடக்கு இறங்கியது. அடுத்தது கடைவாயில் வழிந்தது.

சுப்புராயன் இந்தத் தடவை உள்ளே வந்து பார்த்துவிட்டுத்தான் அடித்தார்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. "புண்ணியவான், மவளுக்குத் தோதா போய்ட்டாரு," என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சொன்னார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறினாள். தமிழ்வேந்தன் ஜன்னலருகே குனிந்தான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"பதட்டப்படாம போக்கா. டைம் நெறைய கீது."

அவள் தலையாட்டினாள். மேற்கே மலைமேல் இன்னும் வெயில் இருந்தது.