கடன் கேட்டா சிரிப்பு

கல்வியின் விலை அன்று காலை பூஜ்யமாக இருந்தது. குழாய்க்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மனைவியின் மடிக்கணினியில் கொட்டை எழுத்தில் அதேதான் இருந்தது: 'விலை நிர்ணயக் கலை. எட்டு வாரம். கட்டணம் இல்லை.'

இருபத்தாறு வருடமாகக் குழாயும் ஷவரும் கைகழுவும் தொட்டியும் விற்கிறவர். குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பைக்கூட அவர் சும்மா கொடுத்ததில்லை. கொடுத்த ஒரே தடவையும் அதன் விலையைக் குழாயில் ஏற்றிவிட்டுத்தான் கொடுத்தார். ஆகவே 'சும்மா' என்ற சொல்லுக்கு உள்பக்கம் ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

"யாரு நடத்துறது?"

"பெரிய யுனிவர்சிட்டிங்க. வீடியோவுல பாடம். முப்பத்தெட்டாயிரம் பேரு சேர்ந்திருக்காங்க."

"ஒருத்தன்கூடக் காசு குடுக்கலையா?"

"சர்டிஃபிகேட் வேணும்னா காசு. எனக்குப் பாடம் போதும்."

"பாத்தியா! சரக்கு சும்மா, பொட்டலம் கட்டத்தான் காசுங்கறான். இப்படி யாவாரம் பண்றவனுக்குப் பொழப்பு வேற எங்கயோ இருக்கு."

"உங்களுக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்."

"சந்தேகத்துலதாம்மா இந்தக் கடையே நிக்குது."

அந்த அம்மாள் சேர்ந்துவிட்டார். மதியம் ஆள் நடமாட்டம் குறைந்ததும் பில் மேசையில் உட்கார்ந்து ஒரு காதைப் பேராசிரியருக்கும் மறு காதை வாடிக்கையாளருக்கும் கொடுப்பார். கடைக்காரர் அட்டைப்பெட்டி எடுக்கிற சாக்கில் பின்னால் போய் எட்டிப் பார்ப்பார். பேராசிரியரின் சட்டைக் காலர் கசங்காமல் இருந்தது. வாழ்க்கையில் ஒரு ஆணிகூட விற்காத கழுத்து அது என்று கண்டதும் முடிவு கட்டினார். ஆயிரம் என்று போடாமல் ஏன் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று போடுகிறார்கள் என்பதை அந்த மனிதர் நாற்பது நிமிடம் விளக்கினார்.

"இதை நான் நாலு நிமிஷத்துல சொல்லிருப்பேனே!"

"சொன்னீங்களா? கல்யாணமாகி இருபது வருஷமாச்சே."

கடைக்காரருக்கு உள்ளே அவசரமாக ஏதோ அடுக்கவேண்டி இருந்தது.

மூன்றாவது வாரம் இடி விழுந்தது.

"வீட்டுப்பாடம் அனுப்பிட்டேன்" என்றார் அம்மாள், முகமெல்லாம் மலர. "'உங்கள் கடையில் விலை எப்படி முடிவாகிறது, உண்மையான உதாரணத்தோடு எழுதுக'ன்னு கேட்டாங்க. நம்ம 'கடன் கேட்டா சிரிப்பு' இருக்கே, அதை எழுதிட்டேன்."

அது அந்தக் கடையின் உயிர்நாடி. ஒவ்வொரு சரக்கிலும் ஒரு சீட்டு தொங்கும். அதில் விற்கும் விலை எண்ணிலும், வாங்கிய விலை எழுத்திலும் இருக்கும். கடன் கேட்டா சிரிப்பு என்பதில் பத்து எழுத்து. க ஒன்று, ட இரண்டு, அப்படியே வரிசையாகப் போய்க் கடைசி 'பு' பூஜ்யம். சீட்டில் 'சிரிபு' என்றிருந்தால் அடக்க விலை எழுநூற்று எண்பது. எதிரில் நிற்கிறவர் எவ்வளவு கீழே இழுத்தாலும் தரை எங்கே இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியும், இழுக்கிறவருக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. கூடப்பிறந்த தம்பிக்கே அவர் அதைச் சொன்னதில்லை.

"வாத்தியாருக்கு மட்டும்தானே அனுப்பின?"

"அவரு ஒருத்தரா முப்பத்தெட்டாயிரத்தையும் திருத்துவாரு? கூடப் படிக்கிறவங்க அஞ்சு பேரு திருத்துவாங்க. நானும் வேற அஞ்சு பேரோடதைத் திருத்தணும். அப்பத்தான் என் மார்க்கைக் காட்டுவாங்க."

கடைக்காரர் தொட்டி இருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"திருப்பி வாங்கிடு."

"அனுப்பினா அனுப்பினதுதானாம்."

"அப்ப எழுத்தையெல்லாம் மாத்தணும்."

"ரெண்டாயிரத்து நானூறு சீட்டுங்க. நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?"

அன்றிலிருந்து கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் படித்தவர்களாகத் தெரிந்தார்கள். மறுநாள் ஒரு பிளம்பர் வந்து, நீளக்கழுத்துக் குழாயின் சீட்டைத் திருப்பி உரக்கப் படித்தார்.

"சிரிபு... என்னண்ணே, நடுவுல ஒரு 'ப்' விட்டுப்போச்சா?"

விற்கும் விலை ஆயிரத்து நூற்றைம்பது. கடைக்காரர் சீட்டைக் கையால் மறைத்தார். "உங்களுக்காக எண்ணூறு" என்றார்.

பிளம்பர் குழாயைக் கீழே வைத்தார். "ஏண்ணே, உடைஞ்சதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

நான்காம் நாள் திருத்தவேண்டிய ஐந்து கட்டுரைகளும் வந்தன. நம் குடுமி எவன் கையில் இருக்கிறதோ, எவன் குடுமியாவது நம் கையில் இருக்கட்டும் என்று கடைக்காரரும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். எந்த மொழியில் எழுதினாலும் மெஷின் அதைப் படிப்பவரின் மொழிக்கு மாற்றிவிடும். முதலாவது ஒரு தையற்கடை, அடுத்தது ஒரு பேக்கரி. மூன்றாவதும் நான்காவதும் ஒரே இடத்தில் பார்த்து எழுதியவை, எழுத்துப்பிழைகூட ஒன்றே. ஐந்தாவது இப்படித் தொடங்கியது: 'என் கடை தண்ணீர் மூக்குகளை விற்கிறது.'

"மூக்கா?"

"குழாயைத்தாங்க மெஷின் அப்படி ஆக்கியிருக்கு. படத்தைப் பாருங்க."

படத்தில் இருந்தது அதே நீளக்கழுத்துக் குழாய். கம்பெனியும் அதே, நம்பரும் அதே. கீழே எழுதியிருந்தது: 'இருபத்துநான்கு மூக்குகளுக்கு நிறுவனம் இரண்டு மூக்குகளைப் பரிசளிக்கிறது. ஆண்டு முடிவில் நூற்றுக்கு ஆறு திரும்புகிறது.'

கடைக்காரர் அதை மூன்று முறை படித்தார். அந்தக் கம்பெனி ஆளுக்கு வட்டாரத்தில் 'சத்தியம்' என்று பெயர். சத்தியம் செய்யாமல் ஒரு விலை சொல்லமாட்டார். ஆறு வருடமாக மாதாமாதம் வந்து, 'இலவசப் பீஸு, கழிவு எதுவும் சத்தியமா யாருக்கும் கிடையாதுண்ணே' என்று இதே மேசையில் கை அடித்தவர்.

"இவருக்கு எத்தனை மார்க் போடலாம்?" என்றார் அம்மாள்.

"பத்துக்குப் பத்து போடு. மேல போட வழியிருந்தா அதையும் போடு."

அந்த வாரமே சத்தியம் வந்தார். "அண்ணே, இந்த வாட்டி ரேட்டு சத்தியமா அடிமட்டம்."

"இருபத்துநாலுக்கு ரெண்டு எங்கப்பா?"

சத்தியத்தின் பேனா பாதி எழுத்தில் நின்றது. "யாருண்ணே சொன்னா?"

"படிச்சேன்."

"எங்க?"

"யுனிவர்சிட்டில."

சத்தியம் முதல்முறையாகச் சத்தியம் செய்யாமல் பேசினார். "இந்த மாசத்துலேருந்து போட்டுடலாம். அந்த ஆறு பர்சென்ட்டும்தான். பழசைக் கிளறாதீங்கண்ணே." வாசல்வரை போனவர் திரும்பினார். "எந்த யுனிவர்சிட்டி? நானும் சேரலாமா?"

"இடம் இல்லப்பா. முப்பத்தெட்டாயிரத்தோட நிறுத்திட்டாங்க."

இரண்டு நாள் கழித்து அம்மாளின் மார்க் வந்தது. ஒருவர் எட்டு. இன்னொருவர் ஆறு, கூடவே ஒரு குறிப்பு: 'கடன் கேட்பவரைப் பார்த்துச் சிரிப்பது வணிக நெறி ஆகாது.' மூன்றாமவரும் ஆறு: 'உங்கள் பணியாளர்களுக்கு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுங்கள்.' மெஷின் அந்தப் பத்தெழுத்தை அர்த்தம் பண்ணித் தொலைத்திருந்தது. எழுத்தும் எண்ணும் எங்கேயோ போய்விட்டன. கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான்காமவர் ஒன்றும் சொல்லாமல் ஒன்பது போட்டிருந்தார்.

"அப்ப அடுத்த கோர்ஸ்லயும் சேரட்டுமாங்க?"

"சேரு. ஆனா நீ ஒண்ணும் எழுதாத. திருத்துறதோட நிறுத்திக்க."

"எழுதினாத்தான் திருத்தவே விடுவாங்க."

"பாத்தியா, அதான் அவன் யாவாரம்! நம்ம சரக்கை நமக்கே மாத்தி மாத்தி வித்துட்டு, 'சும்மா'ன்னு போர்டு வெச்சிருக்கான்." சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். "அஞ்சாவது ஆளு எங்க?"

"படிச்சிட்டாரு. மார்க் இன்னும் போடல."

"அவனும் மெஷின்லதானே படிச்சான்?"

அம்மாள் விரலால் கீழே தள்ளிப் பார்த்தார். "மத்த நாலு பேருக்கும் 'மொழிபெயர்ப்பில் வாசித்தார்'னு போட்டிருக்கு. இவருக்கு..." கண்ணைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். "'மூலத்தில் வாசித்தார்'ங்க."

"தமிழ்லயேவா? எந்த ஊரு?"

"காட்டாது."

கடைக்காரர் எழுதாத சீட்டு ஒன்றை எடுத்தார். வந்தது என்று போட்டு, இருபத்துநாலுக்கு இரண்டு, நூற்றுக்கு ஆறு என்று எழுதினார். போனது என்று போட்டு, பத்தெழுத்து என்று எழுதினார். கோடு இழுத்தார். படித்தவர் ஐந்து, மார்க் போட்டவர் நான்கு. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. தலையை நிமிர்த்தாமல் கடைசி வரியையும் எழுதினார்: பாக்கி, ஒருவர்.